மல்லாரியும் மூன்று நிமிடத் தட்டும்

காவிரிக் கரைக் கோயில்களில் சுவாமி புறப்பாடு மல்லாரியோடுதான் தொடங்கும். கம்பீர நாட்டையில் நாகஸ்வரம் முழங்க, தவில் சொற்கட்டுகள் அடுக்கடுக்காக விழ, ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளில் பல்லக்கு ஏறும். அதன்பின் அவசரம் கிடையாது. ஒரு வீதியைக் கடக்க ஒரு ராகம் போதும். நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வருவதற்குள் சில ஊர்களில் பொழுது விடிந்துவிடும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்தால் மணிக்கணக்கில் அதிலேயே நின்று வாசிப்பார், கூட்டமும் கலையாமல் நிற்கும் என்று தஞ்சை மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

அந்தத் தோடி பத்து அங்குலத் தட்டு ஒன்றில் ஏறியபோது அதற்குக் கிடைத்த நேரம் பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம். தஞ்சைத் தரணியின் இசை வரலாற்றைக் கோயில் வீதியோடும் மிராசுதார் பந்தலோடும் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த அரக்குத் தட்டுகளுக்கும் அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.

இந்தியாவில் இசைத்தட்டு வணிகம் சூடு பிடித்தது 1902-ல். கிராமபோன் கம்பெனிக்காக வந்த பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனிக்காரர்கள் சென்னைக்கும் வந்தார்கள். அன்றைக்கு ஒலிவாங்கி இல்லை. பெரிய தகரப் புனலுக்கு நேராக நின்று பாட வேண்டும். அந்த அதிர்வு ஒன்றுதான் ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். மெல்லிய வீணைக்கு அந்த முறை எமன். நாகஸ்வரத்தின் உரத்த குரல் தாக்குப் பிடித்தது. தவிலடி மட்டும் ஓங்கி விழுந்தால் ஊசி தடம் மாறிவிடும் என்ற பயம். 1925-ல் மின்முறைப் பதிவு வந்த பிறகே மேளக் கச்சேரியின் முழு உருவம் தட்டில் ஓரளவாவது பதிந்தது.

1930களில் தமிழ்நாட்டுத் தட்டுச் சந்தையில் போட்டி கடுமையாக இருந்தது. நாய்ப்படம் போட்ட எச்.எம்.வி. ஒரு பக்கம், கொலம்பியா ஒரு பக்கம். காரைக்குடியிலிருந்து போன ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு சேர்ந்து சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஜெர்மானிய ஓடியன் தட்டுகளை விற்றார். பிற்காலத்தில் ஏவி.எம். என்று சினிமாவில் பேர் பெற்றவர் முதலில் பாட்டு விற்றவர்தான். எல்லாக் கம்பெனிக்கும் வித்வான்கள் தேவைப்பட்டார்கள். வித்வான்களின் விளைநிலம் தஞ்சை ஜில்லா.

ராஜரத்தினம் பிள்ளை 1898-ல் திருமருகலில் பிறந்தவர். திருவாவடுதுறை ஆதீன வித்வான். கிராப்பு வெட்டிக்கொண்டு, நாகஸ்வரக்காரனுக்கும் மேடையில் சமமாக உட்கார இடம் வேண்டும் என்று நிமிர்ந்து நின்றவர். அவருடைய தோடித் தட்டைக் கேட்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அவர் அவசரப்படவே இல்லை என்பதை. மூன்று நிமிடம்தான் இருக்கிறது என்று தெரிந்தும் ஒரு சுரத்தின் மேல் நிதானமாக இழைகிறார். காந்தாரத்தை அசைத்து, தைவதத்தில் நின்று, மேல் ஸ்தாயிக்குப் போய்த் திரும்புவதற்குள் ராகத்தின் முழு உடம்பும் கண்முன் நின்றுவிடுகிறது. விட்டுவிட்டது எவ்வளவோ உண்டு. விட்டதே தெரியாமல் வாசித்ததில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. வளர்த்துக்கொண்டே போகத் தெரிந்த ஒரு கலைஞர் சுருக்கவும் கற்றுக்கொண்டதற்கு அந்தத் தட்டே சாட்சி.

அந்தத் தட்டுகள் மிராசுதார் வீட்டுக் கூடத்தோடு நின்றுவிடவில்லை. சாவி கொடுத்து ஓட்டும் பாட்டுப்பெட்டி வைத்திருந்த வீட்டுத் திண்ணை, டீக்கடை, டெண்ட் கொட்டகை, பிறகு கல்யாணப் பந்தலில் மூங்கிலில் கட்டிய புனல் குழாய் என்று அவை இறங்கி வந்தன. மேளம் வைக்க வசதியில்லாத வீட்டுக் கல்யாணத்திலும் ரேடியோ செட்டுக்காரர் வைத்த பிளேட்டில் ராஜரத்தினம் வாசித்தார். இதை வசதி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் எல்லாச் சாதியாருக்கும் திறந்தது 1939-ல்தான். சுவாமி வீதியுலா வரும் தெருக்களில் கால் வைக்க முடியாதவர்கள் வயலில் கூலி வேலை செய்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள். வீதியில் நின்று கேட்க விடாத சங்கீதம் அவர்கள் காதுக்குக் குழாய் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. இசைத்தட்டு செய்த காரியங்களில் இதுவே பெரிது.

நாகப்பட்டினத்தில் வளர்ந்த என்.சி. வசந்தகோகிலத்தின் கதை வேறு மாதிரி. அவர் 1930களின் நடுவில் சென்னைக்குக் குடிபெயர்ந்து, 1938-ல் மியூசிக் அகாடமி போட்டியில் முதல் பரிசு வாங்கி, எச்.எம்.வி. தட்டுகளில் பாடிப் புகழ் பெற்றார். மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதரோடு 1944-ல் ‘ஹரிதாஸ்’ படத்திலும் நடித்தார். 1951-ல் காசநோய் அவரைக் கொண்டுபோனது. வயது முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது. சிஷ்ய பரம்பரை இல்லை. படங்களும் தட்டுகளும் இல்லையென்றால் அந்தக் குரல் எப்படி இருந்தது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

ராஜரத்தினத்துக்கும் சினிமா ஆசை இருந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் அவர் நடித்த ‘காளமேகம்’ 1940-ல் வந்து தோற்றது. அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. அவர் நிலைநாட்டிய மாற்றம் வாத்தியத்தில் இருந்தது. சுருதி ஏறிய குட்டைத் திமிரியை விட்டு, நீண்ட பாரி நாகஸ்வரத்துக்கு அவர் மாறினார். குரல் தாழ்ந்து கனிந்தது. வீதிக்கு எட்ட வேண்டுமென்றால் உச்சத்தில் ஊத வேண்டும். ஒலிவாங்கி முன்னால் அந்தக் கட்டாயம் இல்லை. நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் ஆச்சா மரத்தில் கடையும் நாகஸ்வரம் இன்றும் அந்த நீளத்தில்தான் வருகிறது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி. தட்டு 1948-ல் அமெரிக்காவில் பிறந்தது. அது இங்கே பரவுவதற்கு முன்பே, 1956 டிசம்பரில் ராஜரத்தினம் மறைந்துவிட்டார். அவருக்கென்றே செய்தது போன்ற தட்டு அவருக்கு வாய்க்கவில்லை.

அந்த நீண்ட தட்டில் டெல்டாவின் அடுத்த குரல் ஏறியது. சீர்காழி கோவிந்தராஜன் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் பயின்றவர். 1950களில் சினிமாவுக்கு வந்தார். ஆனால் ஊர் ஊராக அவரை நிலைநிறுத்தியவை படத்துக்கு வெளியே பாடிய பக்திப் பாடல்கள். காலை ஐந்து மணிக்குக் கோயில் குழாயில் ஒலிக்கும் விநாயகர் பாட்டு அவருடையதாக இருக்கும். கொட்டகையில் படம் தொடங்கும் முன் ஒலித்ததும் பெரும்பாலும் அதுவே.

சீர்காழிக்குத் தெற்கே கடற்கரையோரம் நாகூர். இ.எம். ஹனீபாவின் குரலுக்கு ஒலிவாங்கி தேவையா என்று கேட்கத் தோன்றும். 1925-ல் பிறந்து 2015-ல் மறைந்த அவர், தி.மு.க. மேடைகளிலும் கந்தூரி விழாக்களிலும் அரை நூற்றாண்டுக்கு மேல் பாடினார். சினிமாவில் அவர் பாடியது கொஞ்சம்தான். பேர் வாங்கிக் கொடுத்தவை தனித் தட்டுகளும், பிறகு வந்த கேசட்டுகளும். கேசட் காலத்தில் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ இல்லாத பெட்டிக்கடையோ பஸ்ஸோ நாகை, திருவாரூர்ப் பக்கம் அபூர்வமாக இருந்தது. இந்துக் கல்யாண வீட்டிலும் அது ஒலித்தது. யாரும் அதை வியப்பாக நினைத்ததில்லை. சினிமாவே எல்லாப் பாட்டையும் விழுங்கிய காலத்தில், சினிமாவை மட்டும் நம்பாமல் தட்டையும் நம்பி இவ்வளவு பெரிய செவிக்கூட்டத்தைச் சேர்த்தவர்கள் தமிழில் சிலரே. அவர்களில் இரண்டு பேர் இந்த ஒரே கடற்கரையோரத்துக்காரர்கள்.

தட்டுகளைப் பட்டியலிடும் வழக்கம் மற்ற இடங்களில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1996-ல் ‘பெல் அண்ட் செபாஸ்டியன்’ என்ற குழு தன் முதல் ஆல்பத்தை ஒரு கல்லூரித் திட்டமாக வெளியிட்டது. அச்சிட்டவை ஆயிரம் பிரதிகள். எந்த ஆண்டு எந்தத் தட்டு, எங்கே பதிவு, எந்தப் பாட்டு எந்தப் பக்கம் என்று அந்தக் குழுவின் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் கணக்கு இருக்கிறது. மைக்கேல் கின்னியர் 1899 முதல் 1908 வரையிலான கிராமபோன் கம்பெனியின் இந்தியப் பதிவுகளைப் பட்டியலிட்டு 1994-ல் நூலாகவே கொண்டுவந்தார். திருவாவடுதுறைக்கும் சீர்காழிக்கும் நாகூருக்கும் அதே அக்கறையோடு ஒரு கணக்கெடுப்பு நடக்க வேண்டும்.

அது செய்ய முடியாத வேலை அல்ல. ஒவ்வொரு அரக்குத் தட்டிலும் லேபிளை ஒட்டிய வழவழப்பான வளையத்தில் சிறிய எண் ஒன்று பொறித்திருக்கும். பதிவறையில் மெழுகு வெட்டிய வரிசைப்படி கொடுத்த எண் அது. லேபிள் கிழிந்து போனாலும் அந்த எண் அழியாது. கம்பெனிப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் பதிவான காலத்தைப் பிடித்துவிடலாம். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் மாயவரத்திலும் பழைய வீடுகள் இடியும்போது பரணிலிருந்து இறங்கும் பெட்டிகளில் இப்படிப்பட்ட தட்டுகள் இன்னும் வருகின்றன. அரக்கு வெயிலில் நெளியும், கை தவறினால் உடையும். எடைக்குப் போடுவதற்கு முன் அந்த எண்ணையும் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்தாலே பட்டியலின் முதல் வரி கிடைத்துவிடும்.