தேவிகுளம், பீர்மேடு: யாரைக் கேட்டு வரைந்த எல்லை?

தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் தங்கியதற்கு ஒரு தனிமனிதரைக் காரணமாகக் காட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 1953 டிசம்பரில் அமைந்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தில் பசல் அலி, குன்ஸ்ரு ஆகியோருடன் மலையாளியான கே.எம். பணிக்கரும் இருந்தார். பீகாரோடு நெடுங்காலத் தொடர்பு கொண்டிருந்த பசல் அலி, அம்மாநிலத்தின் எல்லைத் தகராறுகளை விசாரிப்பதிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். திருவிதாங்கூர் எல்லையில் பணிக்கர் அவ்வாறு ஒதுங்கவில்லை. இந்த விமர்சனம் நியாயமானதே. ஆயினும் அத்தோடு நின்றுவிட்டால், அதிகாரத்தின் அமைப்பு நம் பார்வையிலிருந்து தப்பிவிடும்.

1951 மக்கள்தொகைக் கணக்கின்படி தேவிகுளத்தில் தமிழரே பெரும்பான்மையினர். ஆணையமோ அவர்களுள் பெரும்பகுதியினரைத் தோட்டவேலைக்கு வந்துபோகும் நிலையற்ற மக்களாகக் கருதியது. அம்மலைப்பகுதியின் பொருளாதார முக்கியத்துவத்தையும் முன்வைத்தது. முதிரப்புழையாற்றில் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940 முதலே இயங்கிவந்தது. தேயிலையும் ஏலமும் மின்சாரமும் ஒரு தட்டில். அவற்றை விளைவித்த உழைப்பாளிகள் மறு தட்டில். எத்தட்டு தாழ்ந்தது என்பதை நாம் அறிவோம்.

அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு, மாநில எல்லையை மாற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் ஒப்படைக்கிறது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், இசைவு வேண்டியதில்லை. எல்லைவாழ் மக்களைக் கேட்க வேண்டிய கடமையோ யாருக்கும் இல்லை. 1956 ஆகஸ்டில் சீரமைப்புச் சட்டம் நிறைவேறியபோது திருவிதாங்கூர்-கொச்சி குடியரசுத் தலைவர் ஆட்சியின்கீழ் இருந்தது.

மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், பாலக்காட்டை ஒட்டிய சித்தூர் உட்பட ஒன்பது வட்டங்களைக் கோரியது. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தென்கோடியின் வெற்றியில் மலைத்தமிழரின் கேள்வி மெல்ல அமுங்கிற்று.

'நிலையற்றோர்' எனக் கழிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கேதான் வாழ்கிறார்கள். தலைமுறைகள் கடந்தும் தோட்ட லயங்கள் பலருக்குச் சொந்தமாகவில்லை. ஓய்வுபெற்றால் வீடும் போகும். 2015-இல் மூணாற்றில் 'பெண்பிளை ஒருமை' என்று திரண்ட தேயிலைத் தொழிலாளப் பெண்கள், நிர்வாகத்தை மட்டுமன்றித் தம் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைமைகளையும் எதிர்த்தனர். எல்லை எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும், தம்மைக் கேளாமல் தமக்காக முடிவெடுப்போரை அவர்கள் எதிர்கொண்டுதான் இருப்பார்கள். ஆகவே, 1956-ஐப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி, எந்த மாநிலம் வென்றது என்பதன்று. அம்மலையில் உழைத்தவர்களை யார் கேட்டார்கள் என்பதே.