கட்டாய உழைப்பும் உலக மன்றமும்

ஆங்கிலேயர் 1907இல் இயற்றிய கிராமச் சட்டமே பர்மாவில் கட்டாய உழைப்புக்குச் சட்டத் துணையாய் நின்றது. கட்டாய உழைப்பை ஒழிக்கும் உடன்படிக்கையை 1955இலேயே ஏற்ற நாடு அது. எனினும் 1990களில் யே–தவாய் இருப்புப் பாதைக்கு ஊர்மக்கள் கூலியின்றி மண் சுமந்தனர். மரபுவழிப் புண்ணியப் பணி என்றது இராணுவ அரசு. பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனத்தின் விசாரணைக் குழு 1998இல் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2000இல் அந்நிறுவனம் தன் சாசனத்தின் 33ஆம் பிரிவை வரலாற்றிலேயே முதன்முறையாகக் கையாண்டு, பர்மாவுடனான உறவுகளை மறுஆய்வு செய்யுமாறு உறுப்பு நாடுகளை வேண்டியது. 2007இல் பாதிக்கப்பட்டோர் அந்நிறுவனத்திடம் முறையிட வழி பிறந்தது. 2012இல் பழைய சட்டம் நீங்கியது. ஆயின் 2021இல் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பறித்தது. 2025இல் அதே 33ஆம் பிரிவு மீண்டும் தேவைப்பட்டது. உலகின் நெருக்குதல் சட்டத்தை மாற்ற வல்லது. படையைக் கேள்வி கேட்கும் குடியாட்சி இல்லையேல் அம்மாற்றம் நிலைப்பதில்லை.