கைஜூ திரைப்படம்

கைஜூ திரைப்படம் என்பது பேருருவ விலங்குகளை முதன்மைப் பாத்திரங்களாகக் கொண்ட ஜப்பானியத் திரைப்பட வகையாகும். கைஜூ என்ற ஜப்பானியச் சொல் விந்தை விலங்கு எனப் பொருள்படும். தோஹோ நிறுவனம் 1954 ஆம் ஆண்டு நவம்பர் 3 அன்று வெளியிட்ட கோஜிரா என்னும் கறுப்பு வெள்ளைப் படம் இவ்வகையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. கொரில்லாவைக் குறிக்கும் கொரிரா, திமிங்கிலத்தைக் குறிக்கும் குஜிரா ஆகிய இரு சொற்களின் சேர்க்கையே இப்பெயர். ஜப்பானுக்கு வெளியே இவ்விலங்கு காட்சில்லா என அறியப்படுகிறது.

1954 முதல் 1975 வரை 15 காட்சில்லா படங்கள் வெளிவந்தன. பேரரசர் ஹிரோஹிட்டோவின் ஆட்சிக்காலப் பெயரை ஒட்டி இவை ஷோவா காலப் படங்கள் எனப்படுகின்றன. ரப்பர் உடையணிந்த ஒருவர் பொம்மை நகரத்தை நொறுக்கும் சிறுவர் படங்களாகவே பலரும் இவற்றை அறிவர். ஆனால் இவ்வகையின் தோற்றம் போரின் அழிவோடும் அணுகுண்டு அச்சத்தோடும் பிணைந்தது.

பின்னணி

1954 மார்ச் 1 அன்று ஐக்கிய அமெரிக்கா, பசிபிக் பெருங்கடலில் உள்ள பிக்கினி பவளத்தீவில் ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. அதன் கதிரியக்கச் சாம்பல், டைகோ ஃபுகுரியூ மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது படிந்தது. படகிலிருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டனர். வானொலித் தொடர்பாளரான ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். அதன்பின் ஏறத்தாழ ஆறு வாரங்களில் கோஜிரா திரைக்கு வந்தது. கப்பலொன்று கடலில் எழும் பேரொளியில் அழிவதுடன் படம் தொடங்குவதைக் கண்ட அன்றைய பார்வையாளருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

படத்தைத் தயாரித்தவர் டொமோயுக்கி தனாக்கா. இயக்குநர் இஷிரோ ஹோண்டா படைவீரராகச் சீனாவில் இருந்தவர். போருக்குப் பின் நாடு திரும்புகையில் அழிந்துபட்ட ஹிரோஷிமாவைக் கண்டவர். சிறப்புக் காட்சிகளை எய்ஜி சுபுராயாவும் இசையை அகிரா இஃபுக்குபேயும் அமைத்தனர்.

கதைச் சுருக்கம்

(குறிப்பு: கதையின் முடிவு கீழே தரப்பட்டுள்ளது.)

ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளால் உறைவிடத்தை இழந்த தொல்கால விலங்கு ஒன்று டோக்கியோவைத் தாக்குகிறது. தீப்பற்றி எரியும் நகரில் ஒரு தாய் தன் குழந்தைகளை அணைத்தபடி, இன்னும் சிறிது நேரத்தில் தந்தையிடம் சென்றுவிடுவோம் என்கிறாள். 1945 மார்ச்சில் அதே நகரம் தீக்குண்டுகளால் எரிந்தது. அதற்குப் பின் ஒன்பது ஆண்டுகளே கடந்திருந்தன.

விலங்கைக் கொல்லக்கூடிய பொருளைக் கண்டுபிடித்தவர் செரிசாவா என்னும் அறிவியலாளர். அது அரசுகளின் கைக்குப் போனால் புதியதோர் ஆயுதமாகிவிடும் என்று அவர் அஞ்சுகிறார். இறுதியில் தம் ஆய்வுத் தாள்களை எரித்துவிட்டுக் கடலடியில் விலங்கை அழித்து, அங்கேயே தாமும் உயிர்விடுகிறார். கண்டுபிடிப்புக்கு அதைக் கண்டுபிடித்தவர் எந்த அளவு பொறுப்பு என்ற வினாவே படத்தின் மையம் எனலாம்.

உருவாக்க முறை

கிங் காங் (1933) படத்தில் பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு சட்டமாகப் படம்பிடித்தனர். அப்படத்தைப் பெரிதும் விரும்பிய சுபுராயாவுக்கு அம்முறையைக் கையாளக் காலம் போதவில்லை. எனவே நடிகருக்கு விலங்கின் உடையை அணிவித்தார். கதைப்படி கோஜிராவின் உயரம் 50 மீட்டர். கட்டடங்களின் மாதிரிகள் பெரும்பாலும் 25-இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டன. அந்த அளவில் விலங்கின் உயரம் 2 மீட்டர்; அதாவது உடையணிந்த ஒரு மனிதரின் உயரம்.

இயல்பைவிட விரைவாகப் படம்பிடித்து, வழக்கமான வேகத்தில் திரையிடும்போது அசைவுகள் மெதுவாகத் தெரியும். இடிந்து விழும் சுவருக்கும் விலங்கின் நடைக்கும் பேரெடை உள்ள தோற்றம் இதனாலேயே கிடைக்கிறது.

முதல் உடை சுமார் 100 கிலோ எடை கொண்டது. அதனுள் நடித்த ஹருவோ நக்காஜிமா, விலங்குக்காட்சிச்சாலைக்குச் சென்று விலங்குகளின் நடையைக் கவனித்துப் பழகினார். 1972 வரை அவர் இவ்வேடத்தை ஏற்றார். விலங்கின் உறுமல், பெரிய நரம்பிசைக் கருவியான கான்ட்ராபாஸின் தளர்த்திய நரம்புகளைப் பிசின் பூசிய தோல் கையுறையால் உராய்ந்து பெறப்பட்டது.

வெளிநாட்டுப் பதிப்பு

1956 இல் இப்படம் அமெரிக்காவில் மாற்றியமைக்கப்பட்டு வெளிவந்தது. ரேமண்ட் பர் நடித்த செய்தியாளர் பாத்திரம் புதிதாகச் சேர்க்கப்பட்டது. 96 நிமிடப் படம் சுமார் 80 நிமிடங்களாகக் குறைந்தது. நாகசாகி பற்றிய உரையாடல் போன்றவை நீக்கப்பட்டன. அணுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கோஜிரா தோன்றக்கூடும் என்னும் இறுதி எச்சரிக்கையும் அதில் இல்லை. ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலோர் பல ஆண்டுகள் இப்பதிப்பையே கண்டனர். மூலப் படம் 2004 இல்தான் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாகத் திரையிடப்பட்டது.

பார்வையாளர் நோக்கு

1960களில் இப்படங்கள் சிறுவரை நோக்கித் திரும்பின. மக்களை அச்சுறுத்திய காட்சில்லா, படிப்படியாக அவர்களைக் காக்கும் விலங்கானது. விமானங்களைத் தாங்கும் கம்பிகளும் உடையின் மடிப்புகளும் சில காட்சிகளில் கண்ணுக்குத் தெரியும். ரசிகர்கள் இவற்றைக் குறையாகக் கொள்வதில்லை. ஜப்பானின் மரபுவழிப் பொம்மலாட்டமான புன்ராக்குவில் பொம்மையை இயக்குவோர் மேடையிலேயே காணப்படுவர். அவர்களைக் கண்டுகொண்டே பார்வையாளர் பொம்மையின் துயரத்தில் ஈடுபடுவர். கைஜூ படங்களையும் இவ்வாறே சுவைக்கலாம். கைவினையை வியப்பதும் கதையில் ஒன்றுவதும் ஒன்றுக்கொன்று தடையல்ல. மாற்றியமைக்கப்பட்ட பதிப்பை மட்டும் பார்த்தவர்கள், துணைத்தலைப்புகளுடன் கூடிய ஜப்பானிய மூலத்தைக் கண்டால் வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

2023 இல் வெளிவந்த காட்சில்லா மைனஸ் ஒன், போருக்குப் பிந்தைய டோக்கியோவுக்கே கதையைத் திரும்பக் கொண்டு சென்றது. அப்படம் 2024 இல் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது.

குறிப்பிடத்தக்க படங்கள்

* கோஜிரா (1954)
* ரோடன் (1956) - தோஹோவின் முதல் வண்ணக் கைஜூ படம்
* மோத்ரா (1961) - பேருருவ அந்துப்பூச்சி பற்றியது
* கிங் காங் எதிர் காட்சில்லா (1962) - முதல் வண்ணக் காட்சில்லா படம்
* கமேரா (1965) - டைஎய் நிறுவனத்தின் பறக்கும் ஆமை
* காட்சில்லா எதிர் ஹெடோரா (1971) - தொழிற்சாலைக் கழிவுகளால் வளரும் விலங்கு பற்றியது
* மெக்காகாட்சில்லாவின் பயங்கரம் (1975) - ஷோவா கால வரிசையின் இறுதிப் படம். ஹோண்டா இயக்கிய கடைசிப் படமும் இதுவே