திருமுறைகளும் நோய் தீர்வும்

இறைவனை வேண்டி நோய் நீங்கப் பெறலாமோ என்னும் வினா இன்று புதிதாய்த் தோன்றியதன்று. நாயன்மார் வரலாறுகளில் பதிகம் பாடிப் பிணி தீர்ந்த நிகழ்ச்சிகள் பலவாம். அவற்றைக் கேட்ட அளவிலே உடன்படுவார் ஒருசாரார். கட்டுரை என்று ஒதுக்குவார் மற்றொருசாரார். அந்நிகழ்ச்சிகளுக்குச் சான்று யாது, அச்சான்று எவ்வளவினை நிறுவும் என்பதனை இருசாராரும் நோக்குவதில்லை. அதனை நோக்குதலே முதற்கண் செய்யற்பாலது.

பாடினோர் தம் பதிகத்துள்ளே உரைத்தது அகச்சான்று. பின்னோர் உரைத்தது புறச்சான்று. சம்பந்தரும் அப்பரும் வாழ்ந்தது கி. பி. 7-ஆம் நூற்றாண்டு. அவர் வரலாற்றை விரித்துரைக்கும் திருத்தொண்டர் புராணம் எழுந்தது 12-ஆம் நூற்றாண்டு. இடையே ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தன. ஆகலின் எல்லா நிகழ்ச்சிகளையும் ஒரே நிறையில் வைத்தல் முறையன்று.

திருநாவுக்கரசர் சூலைநோய் உற்றமைக்கு அவர்தம் திருவதிகைப் பதிகமே சான்று. குடரை முடக்கும் வேதனையை அவர் தம் வாய்மொழியாகவே கூறித் தீர்த்தருளுமாறு வேண்டுகின்றார். எனினும் அப்பதிகம் நோய்க்குச் சான்றாவதன்றித் தீர்வுக்குச் சான்றாகாது. தீர்ந்தமை சேக்கிழார் வாக்கால் விளங்குவது. சம்பந்தர் ஆலவாயில் அருளிய திருநீற்றுப் பதிகத்தின் இறுதிப் பாட்டோ, பாண்டியன் உடலுற்ற தீப்பிணி தீரும்பொருட்டு அது பாடப்பட்டது என்று தானே தெரிவிக்கின்றது. சுந்தரர் கச்சி ஏகம்பத்துப் பதிகத்தில் தாம் கண் பெற்றமையையும், திருத்துருத்திப் பதிகத்தில் உற்ற நோய் ஒழிந்தமையையும் கூறுகின்றார். இவை துன்புற்றவர் தாமே கூறும் சான்றாகலின் நிறை மிக்கன.

திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளின் முயலகன் என்னும் நோய் தீர்ந்த வரலாறு இவற்றின் வேறாயது. மங்கையொருத்தி வாடுமாறு செய்தல் இறைவர்க்கு மாண்போ என வினவும் பதிகத்துள் மழவன் பெயர் காணப்படவில்லை. அவ்வரலாற்றைப் புராணத்தால் அறிகின்றோமேயன்றிப் பாட்டால் அன்று. இதனால் அது பொய்யென்று ஆகாது. சான்றின் நிறை வேறு என்பதே கருத்து.

இனி, சான்று நிறுவுவது யாது? ஒருவர் நோயுற்றார், வேண்டினார், நோய் நீங்கிற்று என்னும் அளவே. வேண்டியதனால் நீங்கிற்று என்பது காரணம் பற்றிய துணிபு. அது காட்சியாற் பெறப்படாது. பாண்டியன் உடலின் இடப்பக்கத்தைச் சமண முனிவரும் வலப்பக்கத்தைச் சம்பந்தரும் தீர்க்க முற்பட்டனர் என்பது வரலாறு. மந்திரத்தால் நோய் தீரும் என்பதில் அந்நாளில் இருதிறத்தாரும் மாறுபட்டாரல்லர். யாவர் மந்திரம் என்பதிலேயே மாறுபட்டனர். இந்நாளிலோ, சுரம் சில நாளில் தானே தணியும் இயல்பிற்று என்பர் சிலர். மனத்தின் உறுதி உடலை ஊக்கும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் சில நோய்க்குப் பொருந்துவனவே. எல்லாவற்றிற்கும் பொருந்தும் என்பதற்குச் சான்றில்லை.

அமெரிக்க நாட்டில் எர்பர்ட் பென்சன் என்னும் மருத்துவரும் அவர் துணைவரும் இதனை எண்ணிக்கையால் அளக்கவும் முயன்றனர். ஆறு மருத்துவமனைகளில் இதய அறுவை செய்துகொண்ட 1802 பேரை மூன்று பகுதியினராக்கி ஆராய்ந்து, முடிவினை 2006-இல் வெளியிட்டனர். தமக்காகப் பிறர் வேண்டுகின்றனரோ அல்லரோ என்று அறியாதவருள், வேண்டப்பட்டாரில் நூற்றுக்கு 52 பேர்க்கும், வேண்டப்படாதாரில் 51 பேர்க்கும் பின்னர் ஊறு நேர்ந்தது. வேண்டப்படுதலை உறுதியாக அறிந்தாரில் 59 பேர்க்கு நேர்ந்தது. வேண்டுதலால் நலம் விளைந்ததாக அவ்வாராய்ச்சி காட்டவில்லை.

அற்றேல், வேண்டுதல் பயனில் செயலோ எனின், அற்றன்று. இத்துணை நீர், இத்துணை நேரத்தில் பாயும் என்று மடையை அளப்பதுபோல அருளை அளக்கலாம் என்று சைவநூல் யாண்டும் கூறிற்றில்லை. அப்பர்க்குச் சூலை தந்தவரும் சிவபெருமானே என்பது சேக்கிழார் கொள்கை. திலகவதியார் வேண்டுதலுக்கு விடையாக முதற்கண் வந்தது நோயே. சங்கிலியார்க்குச் சொன்ன சூளுறவு பிழைத்து ஒற்றியூரை நீங்கிய சுந்தரர் இருகண்ணும் இழந்தார். தம்பிரான் தோழராகிய அவர்க்கும் திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோலே, காஞ்சியில் இடக்கண், பின்னர்த் திருவாரூரில் வலக்கண். வேண்டியவுடன் வேண்டியவாறே தீர்தல் அன்பின் அளவுகோலாயின், இவ்வரலாறு சுந்தரர்க்கே இழுக்காய் முடியும்.

சிவஞான சித்தியார் கூறும் உவமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. மருத்துவன் சில நோயை அறுத்துக் கீறித் தீர்ப்பான். சில நோயை மருந்து ஊட்டித் தீர்ப்பான். அதுபோல இறைவன் இன்பதுன்பங்களை ஊட்டியே வினையை அறுப்பான் என்பது அருணந்தி சிவாசாரியர் கருத்து. தீர்தலும் தீராமையும் அக்கைச் செயலின் இருவகையே.

எல்லாம் வினைப்பயனாயின் முயற்சி எதற்கு என்பாரும் உளர். அவர்க்கு விடை திருக்கொடிமாடச் செங்குன்றூரிலே உளது. அடியாரைக் குளிர்சுரம் வருத்தியபோது சம்பந்தர் அருளிய திருநீலகண்டப் பதிகம், முன்செய்த அதற்கு இது பயன் என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழி தேடாதிருத்தல் குறையே என்று தொடக்கத்திலேயே இடித்துரைக்கின்றது. கையால் தொண்டு செய்தலும், சோலை வைத்தலும், குளம் தொடுதலும் அப்பதிகத்துள் வழிபாட்டோடு ஒருங்கு வைத்து ஓதப்படுகின்றன. வினைக்கொள்கை முயற்சியை விடுத்தற்குக் கூறப்பட்டதன்று.

முன்னோர் அவ்வாறே ஒழுகினர் என்பதற்குக் கல்வெட்டுக்கள் சான்று. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் திருமால் கோயிலில், வீரராசேந்திர சோழனது 6-ஆம் ஆட்சியாண்டில், கி. பி. 1068-ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, வீரசோழன் என்னும் ஆதுலசாலையைக் கூறுகின்றது. அங்கே நோயாளர்க்குப் படுக்கை 15; மருத்துவன் ஒருவன், சல்லியக்கிரியை செய்வான் ஒருவன், பணிப்பெண்டிர், மருந்து கொணர்வோர் ஆகியோர்க்குத் தனித்தனி நிவந்தம் அளிக்கப்பட்டது; ஓராண்டுக்குச் சேமித்தற்குரிய மருந்துகளும் பெயர் சுட்டிக் கூறப்பட்டன. விக்கிரம சோழன் காலத்துத் திருவாவடுதுறைக் கல்வெட்டொன்று, கி. பி. 1121-இல், சரகமும் அட்டாங்க இருதயமும் பயின்றோர்க்கு அங்குள்ள மடத்தில் உணவளிக்கப்பட்டமையை அறிவிக்கின்றது. திருப்பதிகம் ஒலித்த ஊரிலேயே மருத்துவநூலும் ஓதப்பட்டது. ஒன்றனை ஏற்க மற்றொன்றனைக் கைவிடல் வேண்டுமென்று அந்நாளையார் கருதினாரல்லர்.

ஆகவே, பதிகம் ஓதினால் போதும் என்று நோயாளனுக்கு மருந்தை மறுப்பவர், உய்வழி தேடுக என்னும் அப்பதிகத்தின் கட்டளையையே மறுப்பவராவர். ஓதியும் தீராத நோயாளனை அன்பு குன்றியவன் என்று பழிப்பவர் சுந்தரர் வரலாற்றை மறந்தவராவர். இவ்விருவராலும் நோயாளர்க்கு விளையும் கேடு, பதிகத்தை நம்பாதாரால் விளைவதினும் பெரிது. நோய் தீர்ந்தவன் நன்றியோடு ஓதுக. தீராதவன் துணையாக ஓதுக. அவன் அருகிருப்போர் ஓதுவதோடு மருந்தும் அரைத்துக் கொடுக்க. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஈந்ததும் ஆரூரில் கண் ஈந்ததும் ஓர் அருளே.