கைமாறிய ஒரு சொல்

ஆட்டிசம் என்ற சொல் முதலில் டாக்டர்களின் உடைமை. 1911-ல் ப்ளாய்லர் அதை ஸ்கிஸோஃப்ரீனியாவின் ஒரு லட்சணமாகப் பிரயோகித்தார். 1943-ல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது அது தனி வகையாயிற்று. 1967-ல் பெட்டல்ஹைம் பழியைத் தாய்மார்கள் மேல் போட்டார். புத்தகத்தின் பெயரே 'காலிக் கோட்டை'. (மதியிறுக்கம் என்கிற நம் மொழிபெயர்ப்பும் வெளியே நின்று பார்த்ததுதான்.)

கோட்டைக்குள்ளிருந்து 1992-ல் ஒரு புத்தகம் வந்தது: 'நோபடி நோவேர்'. எழுதிய டோனா வில்லியம்ஸ் 1963-ல் மெல்பர்னில் பிறந்தவர். சிறுவயதில் செவிடோ என்ற சந்தேகம். பிறகு பைத்தியம், குழப்படிக்காரி. பைத்தியம்தானா என்று பார்க்க மனநோய்ப் புத்தகங்களைப் புரட்டிய இடத்தில்தான் இந்தச் சொல் அவருக்குக் கிடைக்கிறது. 1991-ல், இருபதுகளின் கடைசியில், டாக்டர்கள் அதை உறுதிசெய்தார்கள். நோயின் பெயரில் என்ன ஆறுதல் என்று கேட்கலாம். முந்தைய பெயர்களெல்லாம் குற்றச்சாட்டுகள். இது அப்படியில்லை.

அவரோடு சேர்ந்து 1992-ல் ஓர் அமைப்பைத் தொடங்கிய ஜிம் சின்க்ளேர், 1993-ல் டொரொன்டோ மாநாட்டில் பெற்றோர்களை நோக்கிப் பேசினார். ஆட்டிசம் மேலோடு அல்ல, உரித்தால் உள்ளே வேறொரு 'சரியான' பிள்ளை கிடைக்கமாட்டான் என்பது வாதம். பெற்றோரின் துக்கம் வராத பிள்ளைக்கானது. அதை வந்த பிள்ளை சுமக்கத் தேவையில்லை. கடுமையான பேச்சுதான். ஆனால் பெயர் கைமாறியது அங்கேதான்.

1994-ல் அமெரிக்க மனநலக் கையேடு ஆஸ்பெர்கரைத் தனியே பிரித்தது. 2013-ல் திரும்ப ஆட்டிசத்தோடு சேர்த்துக்கொண்டது. இடையில் அந்தப் பெயரை ஏற்று வளர்ந்த இளைஞர்களில் பலர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.