பள்ளி வாயிலும் பேச்சுரிமையும்

மாணவர் நடத்தும் ஏடு சிறிது. அதனைப் பற்றி எழும் வினா சிறிதன்று. எழுதுபவர் மாணவர், அச்சிடப் பொருள் தருவது பள்ளி. அவ்வாறாயின், எதை வெளியிடுவது என்று முடிவு செய்ய வேண்டியவர் யார்?

வியத்நாம் போரின் பொருட்டுக் கையில் கறுப்புப் பட்டை அணிந்து வந்த மாணவர் வழக்கில், 1969-ஆம் ஆண்டு அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளி வாயிலைக் கடந்ததும் மாணவரின் பேச்சுரிமை நீங்கிவிடாது என்பது அதன் சாரம்.

1983-இல், மிசௌரி மாநிலத்து ஹேஸல்வுட் பள்ளியின் மாணவர் ஏடான 'ஸ்பெக்ட்ரம்' அச்சேறும் தறுவாயில், தலைமையாசிரியர் 2 பக்கங்களை நீக்கினார். மாணவியர் கருவுறுதல், பெற்றோரின் மணமுறிவு ஆகியவை பற்றிய 2 கட்டுரைகளே அவருக்கு ஒவ்வாதவை. உடனிருந்த பிற கட்டுரைகளும் சேர்ந்தே மறைந்தன. மாணவியர் மூவர் வழக்குத் தொடுத்தனர். பள்ளியின் சார்பில் வெளிவரும் ஏட்டைத் தக்க கல்வி நோக்கத்திற்காகப் பள்ளி கட்டுப்படுத்தலாம் என 1988-இல் உச்சநீதிமன்றம், 5-க்கு 3 என்ற பெரும்பான்மையில், தீர்ப்புக் கூறிற்று.

அத்துடன் வழி அடைபடவில்லை. அரசியலமைப்பு அளிப்பதினும் மிகுந்த உரிமையை மாநிலச் சட்டம் அளிக்கலாம் அன்றோ? கலிபோர்னியா 1977-இலேயே அத்தகைய சட்டம் கண்டிருந்தது. மாஸசூஸெட்ஸ் 1988-இலும், வடக்கு டகோட்டா 2015-இலும் அந்நெறியைப் பின்பற்றின. பள்ளியின் ஒழுங்கைக் குலைக்கும் எழுத்துக்கு அச்சட்டங்களிலும் இடமில்லை.

அன்பர்களே! பிழை கண்டால் திருத்துவது ஆசிரியர் கடன். ஆயின் திருத்துதல் வேறு, மறைத்தல் வேறு. அஞ்சாது எழுதும் பழக்கத்தை நாளைய குடிமக்கள் பள்ளியில் பெறாவிடின், பின் எங்குதான் பெறுவர்?