கருத்துப்போன மரம்

சென்ற கோடையில், வாலாஜாபாத்தில் நண்பர் ஒருவரின் வீட்டில், கடைசல் பிடித்த மூன்று மரப்பேனாக்களையும் கையால் செய்த சில மரப்பென்சில்களையும் படம்பிடித்துக்கொண்டிருந்தேன். பேனாக்களில் ஒன்று ஈட்டி, ஒன்று வேங்கை, மற்றது செம்மரம். சிற்றிதழ் ஒன்றுக்கான படங்கள்; ஆகவே கறுப்பு வெள்ளையில் வேண்டும் என்றார் நண்பர். கணினியில் விளையாட்டாக, நீல ஒளியின் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நிறங்களை நீக்கிப் பார்த்தேன். செம்மரத்தின் ரேகைகள் அத்தனையும் மறைந்து, கரித்துண்டு ஒன்று கிடந்தது.

19ஆம் நூற்றாண்டின் ஒளிப்படக் கருவி மரத்தை ஏறக்குறைய இப்படித்தான் கண்டது. அன்றைய வெள்ளி உப்புகள் நீலத்துக்கும் ஊதாவுக்கும் மட்டுமே இசைந்தன. மஞ்சளும் சிவப்பும் அவற்றுக்கு இருட்டு. 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட லினேயஸ் ட்ரைப், 1858இல் தஞ்சை, மதுரைக் கோயில்களை எடுத்த படங்கள் இன்றும் வியக்க வைக்கின்றன. கல்லில் செதுக்கியது தன் நிழலாலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும். வழவழப்பாகக் கடைந்த மரத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் அழகு முழுவதும் நிறத்துக்குள் ஓடும் நிறத்தில் இருக்கிறது.

சென்னையில் 1850இல் கலைப்பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர், 1856இல் உருவான சென்னை ஒளிப்படச் சங்கத்தின் நிறுவனர்களிலும் ஒருவர். கைவினையும் கேமராவும் ஒரே மனிதரின் அக்கறையில் சந்தித்த அபூர்வமான தருணம் அது. ஆனால் சாயம் கலந்து தகட்டுக்குப் பிற நிறங்களையும் உணர்த்தலாம் என்பதை ஹெர்மன் ஃபோகல் ஜெர்மனியில் கண்டறிய 1873 ஆகிவிட்டது. சிவப்பையும் உணரும் தகடுகள் 1906இல்தான் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் படமெடுக்கப்பட்ட மரச்சாமான்களைப் பார்த்து, நம் முன்னோரின் வீடுகளில் எல்லாம் கருங்காலிதான் என்று நினைத்துவிடக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஃபாக்ஸ் டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதிபகுதியாக வெளியிட்ட ஒளிப்பட நூலின் பெயரே 'இயற்கையின் பென்சில்'. ஒளியே வரைகிறது, மனிதக் கை தேவையில்லை என்பது அவர் பெருமிதம். அந்தப் பென்சிலால் ஒரு செம்மரப் பென்சிலை ஒழுங்காக வரைய முடிந்திருக்காது.

இன்று நிறத்துக்குப் பஞ்சமில்லை. எனினும் என் முதல் படங்கள் தோற்றன. ஃபிளாஷ் வெளிச்சம் மெருகின் மேல் வெள்ளைத் திட்டாக விழுந்து ரேகையைத் தின்றுவிட்டது. அடுத்த வீட்டு நெசவாளர்தான் எனக்கு வழி காட்டினார்; அவருக்கே அது தெரியாது. தறியிலிருந்து அறுத்த பட்டின் ஜரிகையைச் சரிபார்க்க, முந்தானையை வாசற்பக்க வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஃபிளாஷை அணைத்தேன். வாசலில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு வெயிலைத் தணித்தேன். பேனாவைச் சிறிது சிறிதாக உருட்டினேன். மெருகின் பளபளப்பு ஒரு மெல்லிய கோடாக ஓரத்துக்கு ஒதுங்கியது. நடுவே வேங்கையின் மஞ்சள் அலை விரிந்தது. பென்சில்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. கத்தியால் சீவிய முனையில் மரமும் கரியும் சந்திக்கும் இடமே போதுமானதாக இருந்தது.

செம்மரப் பேனாவின் மூடியருகே உளி சற்றுத் தடுமாறிய கோடு ஒன்று, பக்கவாட்டு ஒளியில் துல்லியமாகத் தெரிந்தது. அழித்துவிடலாமா என்று நண்பர் கேட்டார். அந்தப் படத்தை அப்படியே அனுப்பினோம்.